கூட்டுச் சொத்தில் ஒரு உரிமையாளர் இன்னொருவரைக் கொன்றால் வீடு யாருக்கு?

பாதிக்கதை:
ஒரு குற்றக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிச்சு ஒரு வீட்டில் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் இருவர் பெயரிலும் சேர்த்து வீடு வாங்குகிறார்கள். பிறகு அண்ணன் தம்பியைக் கொன்றுவிடுகிறான். தம்பிக்கு மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. கொலை நிரூபணமாகி அண்ணன் சிறைக்குப் போகிறான். இப்போது வீடு யாருடையது?

கொன்றவனுக்கு வாரிசுரிமை கிடையாது என்பது தெரியும். ஆனால் இவன் வாரிசாக எதையும் கேட்கவில்லையே. பத்திரத்தில் ஏற்கெனவே அவன் பெயர் இருக்கிறது. முழு வீடும் தம்பி மனைவிக்குக் கிடைக்கிற மாதிரி முடிக்க ஆசை. சட்டம் அதற்கு இடம் தருமா?

வில்லங்கம்:
கதை எந்த நாட்டில் நடக்கிறது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

இருவர் சேர்ந்து சொத்து வைத்திருப்பதில் இரண்டு விதம் உண்டு. முதல் வகையில் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு இருக்கும். பாதிப்பாதியாக இருக்கலாம், முப்பதுக்கு எழுபதாகவும் இருக்கலாம். ஒருவர் இறந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இரண்டாவது வகையில் பங்கு என்ற பேச்சே இல்லை. இருவரும் சேர்ந்து முழுச் சொத்துக்கும் உரிமையாளர்கள். ஒருவர் இறந்தால் எஞ்சியிருப்பவரிடம் முழுவதும் தங்கிவிடும். இறந்தவர் உயில் எழுதி வைத்திருந்தாலும் அந்த உயில் இந்தச் சொத்தைத் தொடாது. இது ஆங்கிலச் சட்டத்தின் பிள்ளை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா எல்லா இடத்திலும் தம்பதிகள் வீடு வாங்கும்போது இது சகஜம்.

இந்தியாவில் இரண்டு பேர் பெயரில் கிரயம் ஆனால் பொதுவாக முதல் வகையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 45-வது பிரிவின்படி, யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு. கணக்குத் தெரியவில்லை என்றால் சமபங்கு. அண்ணன் தம்பி இந்துக்கள், உயில் இல்லை என்று வைத்துக்கொண்டால், தம்பியின் பாதி அவன் மனைவிக்கும் மகளுக்கும், தாய் உயிரோடு இருந்தால் தாய்க்கும் சேர்த்துப் போகும். அண்ணனின் பாதி அண்ணனுக்கே.

பாதிக்கதை:
கொன்றவனுக்குப் பாதி வீடா? வாசகர்கள் என்னை உதைப்பார்கள் சார்.

தராசு:
உதைக்கட்டும். அந்தப் பாதி அவன் காசு போட்டு வாங்கியது. தம்பி செத்ததால் அவனுக்கு வந்தது அல்ல. கொலைக்குத் தண்டனை சிறை. ஏற்கெனவே வைத்திருந்த சொத்தைப் பிடுங்குவது வேறு விஷயம்.

ஒரு காலத்தில் பிடுங்கத்தான் செய்தார்கள். பழைய இங்கிலாந்தில் பெருங்குற்றம் செய்தவனின் பொருள்கள் அரசருக்கும், நிலம் அவனுடைய நிலப்பிரபுவுக்கும் போய்விடும். அவன் வழியாக யாரும் வாரிசு கோரவும் முடியாது. கொலைகாரன் கையில் எதுவுமே மிஞ்சாத காலத்தில், கொன்றவன் வாரிசாகலாமா என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. தண்டனை என்ற பெயரில் குற்றவாளியின் மனைவி மக்களைத் தெருவில் நிறுத்துகிறோம் என்பது உறைத்த பிறகு, 1870-ல் அந்தப் பறிமுதலை ஒழித்தார்கள். அமெரிக்காவில் பல மாநில அரசியலமைப்புகளே அதைத் தடை செய்கின்றன. அந்தக் கதவை மூடியதும்தான் இந்தக் கதவு திறந்தது. 1889-ல் நியூயார்க்கில் தாத்தா உயிலை மாற்றிவிடுவார் என்று பயந்து அவருக்கு விஷம் வைத்த பேரன், உயில்படி சொத்து எனக்குத்தான் என்று வந்து நின்றான். உயில் சட்டத்தில் கொலைகாரனுக்கு இல்லை என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் தன் குற்றத்தால் யாரும் லாபம் அடையக்கூடாது என்று நீதிமன்றம் அவனைத் திருப்பி அனுப்பியது. மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தில் ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் இதே கொள்கை.

கவனியுங்கள், ‘லாபம் அடையக்கூடாது’ என்பதுதான் விதி. ‘நஷ்டம் அடைய வேண்டும்’ என்பது அல்ல. இந்த இழை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடப்போகிறது என்று நினைக்கிறேன்.

கடைசிபெஞ்ச்:
சட்டக் கல்லூரி மாணவன். தேர்வுக்குப் படித்தது இப்போதாவது உதவட்டும்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 25-வது பிரிவு: கொலை செய்தவர் அல்லது உடந்தையாக இருந்தவர், கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. 27-வது பிரிவு: அப்படித் தகுதி இழந்தவர், சொத்துக்காரருக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்து இறங்கும்.

உங்கள் கதையில் இந்த 25-க்கு வேலையே இல்லை. மனைவியும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்கள் இருக்கும்போது அண்ணன் யோக்கியனாகவே இருந்தாலும் தம்பி சொத்தில் அவனுக்கு ஒன்றும் வராது. தம்பி கல்யாணமாகாதவன், அம்மா அப்பா இருவரும் இல்லை என்று மாற்றினால்தான் அண்ணன் வாரிசு வரிசைக்கு வருவான். அப்போது 25 வந்து கதவைச் சாத்தும். சகோதரிகள் இருந்தால் தம்பியின் பாதி அவர்களுக்கு.

அந்தப் பிரிவில் இன்னொரு பாதி இருக்கிறது, பலர் அதைப் படிப்பதே இல்லை. கொலையுண்டவரின் சொத்து மட்டுமல்ல, எந்தச் சொத்தின் வாரிசுரிமையைத் துரிதப்படுத்த அந்தக் கொலை நடந்ததோ அதற்கும் தகுதி போய்விடும். உதாரணமாக, அப்பாவிடம் நிலம் இருக்கிறது. தம்பி இல்லாவிட்டால் முழுவதும் எனக்குத்தான் என்று கணக்குப் போட்டு அண்ணன் தம்பியைக் கொல்கிறான். ஐந்து வருடம் கழித்து அப்பா தன் பாட்டுக்கு வயதாகி இறக்கிறார். அப்பாவை அவன் தொடவில்லை. ஆனாலும் நோக்கம் அதுதான் என்று நிரூபித்தால் அப்பா சொத்தும் கிடையாது. கதைக்கு இது நல்ல திருப்பம்.

நீலமை:
எல்லோரும் சுலபமான வகையைப் பற்றியே பேசுகிறீர்கள். பங்கு இல்லாத கூட்டு உரிமைக்கு வாருங்கள், அங்கேதான் தலை சுற்றும்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் அந்த முறையில் வீடு. மனைவியைக் கணவன் கொல்கிறான். சட்டத்தின் கண்ணில் மனைவியிடமிருந்து கணவனுக்கு எதுவும் மாறவே இல்லை. அவன் முதல் நாளிலிருந்தே முழு வீட்டுக்கும் உரிமையாளன். கூட இருந்த இன்னொரு உரிமையாளர் விலகிவிட்டார், அவ்வளவுதான். எதுவும் கைமாறாதபோது வாரிசாக முடியாது என்று சொல்லி எதைத் தடுப்பது? அமெரிக்காவில் பழைய சில தீர்ப்புகள் இந்தத் தர்க்கத்தையே பிடித்துக்கொண்டு கொன்றவனிடமே முழு வீட்டையும் விட்டிருக்கின்றன.

இன்று இரண்டு வழி புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில், கொன்ற கணமே கூட்டு உரிமை உடைந்து ஆளுக்குப் பாதி ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வார்கள். அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றுவதற்காக எழுதிய மாதிரி வாரிசுச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஆஸ்திரேலிய, கனடிய நீதிமன்றங்கள் வேறு மாதிரி. ஏட்டில் முழு வீடும் கொன்றவன் பெயருக்கே வரட்டும், ஆனால் அதில் பாதியை இறந்தவரின் வாரிசுகளுக்காக அறங்காவலன் போல அவன் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருந்தால் இரண்டு வழியிலும் விடை ஒன்றுதான். மூன்று பேர் இருந்தால்தான் சிக்கல்.

கணக்கன்:
நீலமை சொன்ன ‘ஆளுக்குப் பாதி’யை எல்லோரும் நடுநிலையான தீர்வு என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு ஒப்புதல் இல்லை.

கொலைக்கு முந்தைய நாள் அவன் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். மனைவி முதலில் போனால் முழு வீடு. அவன் முதலில் போனால் பூஜ்யம். அதாவது ஒரு பந்தயம். கொலைக்கு அடுத்த நாள் அவன் கையில் இருப்பது என்ன? உறுதியான பாதி. விற்கலாம், உயில் எழுதலாம், தன் பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். அவனுக்கு எழுபது வயது, மனைவிக்கு நாற்பது என்றால், இயல்பாக விட்டிருந்தால் பெரும்பாலும் மனைவிதான் பிழைத்திருந்து முழுவதும் எடுத்திருப்பாள். தோற்கிற நிலையில் இருந்த பந்தயத்தை அவன் ‘டிரா’ ஆக்கிக்கொண்டான். இது லாபம் இல்லையா?

தராசு:
கூட்டு உரிமையை உயிரோடு இருக்கும்போதே ஒரு நோட்டீஸ் கொடுத்து உடைத்துக்கொள்ள இங்கிலாந்தில் வழி இருக்கிறதே. கொல்லாமலேயே அவன் பாதியை உறுதி செய்திருக்கலாம். இருந்ததுதான் கிடைத்தது. லாபம் எங்கே?

கணக்கன்:
செய்திருக்கலாம், செய்யவில்லை. செய்திருந்தால் மனைவிக்கும் அவள் பாதி உயிரோடு கையில் இருந்திருக்கும். அதோடு, எல்லா இடத்திலும் எல்லாக் கூட்டு உரிமையையும் ஒருவர் மட்டும் உடைக்க முடியாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் தம்பதிக்கென்றே ஒரு வகை உண்டு. அதை ஒருவர் தனியாக உடைக்க இயலாது.

1952-ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் நான் சொல்லும் வழியில்தான் போனது. மனைவியைக் கொன்ற கணவன், அவர்களின் கூட்டு வீடு. கொலை நடந்திராவிட்டால் மனைவிதான் பின்னால் இறந்திருப்பாள் என்று அவளுக்குச் சாதகமாக அனுமானித்துக்கொண்டார்கள். ஆகவே கணவனுக்கு அவன் ஆயுள் வரைக்கும் பாதி வீட்டின் வருமானத்துக்கு உண்டான மதிப்பு மட்டும். மிச்சமெல்லாம் மனைவியின் பக்கத்துக்கு. சந்தேகத்தின் பலன் செத்தவருக்குப் போக வேண்டும், கொன்றவனுக்கு அல்ல. எனக்கு இதுதான் சரியான கணக்கு.

நீலமை:
அழகான கணக்குதான், ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு வழக்கிலும் ஆயுள் எதிர்பார்ப்பு அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாதிப்பாதி என்றால் ஒரே நாளில் முடியும். பெரும்பாலான இடங்களில் பாதிப்பாதி நிலைத்ததற்கு அது நியாயம் என்பதைவிட எளிது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். அ, ஆ, இ மூவர் கூட்டு உரிமையாளர்கள். அ, ஆ-வைக் கொல்கிறான். இ எந்தத் தப்பும் செய்யாதவர். ஆ-வின் மூன்றில் ஒரு பங்கு ஆ-வின் வாரிசுகளுக்கா, இ-க்கா? ஆ இயற்கையாக இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்கு ஒரு செங்கல்கூடக் கிடைத்திருக்காது. ஆகவே இ-க்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. கொலை நடந்ததற்காக நிரபராதியான இ ஏன் தன் உரிமையை இழக்க வேண்டும்?

மழைத்தூறல்:
எல்லாக் கொலையும் ஒன்றா? வருடக்கணக்காக அடி வாங்கிய மனைவி ஒரு நாள் திருப்பி அடித்துக் கணவன் செத்துப்போனால்? அவளையும் விஷம் வைத்த பேரனையும் ஒரே தராசில் நிறுத்துவீர்களா?

தராசு:
என் பெயரை இழுத்துவிட்டீர்கள், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்காகவே 1982-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கொலை என்று தீர்ப்பானால் தப்பிக்க வழியில்லை. கொலையாகாத மரணம் என்று தீர்ப்பானால், சூழ்நிலையைப் பார்த்து இந்த விதியை நீதிமன்றம் தளர்த்தலாம், முழுவதுமாகவே விலக்கலாம். தண்டனை பெற்றவர் மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 1985-ல் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு வழக்கு, பல ஆண்டு அடி உதை பட்ட மனைவி. அவளுக்கு முழு விலக்கும் கிடைத்தது, கூட்டு வீடு உட்பட. சேர்ந்து தற்கொலை செய்துகொள்ள முயன்று ஒருவர் மட்டும் பிழைத்த வழக்கிலும் 1990-களில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இஸ்லாமியச் சட்டத்தில் இரண்டு நிலைப்பாடு. சன்னிகளில் ஹனபி பிரிவில் தவறுதலாகக் கொன்றிருந்தாலும் வாரிசுரிமை போய்விடும். ஷியா பிரிவில் வேண்டுமென்றே கொன்றால் மட்டும்தான். இந்தியாவின் 1956 சட்டமோ ‘கொலை’ என்று சொல்லிவிட்டு அதற்கு விளக்கமே தரவில்லை. தளர்த்தும் அதிகாரத்தையும் வெளிப்படையாகத் தரவில்லை. மழைத்தூறல் கேட்டது அங்கே பெரிய ஓட்டை.

கடைசிபெஞ்ச்:
கொன்றவனின் மனைவி மக்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு வகுப்பில் தூக்கம் கலைந்தது அந்த இடத்தில்தான்.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கு, தீர்ப்பு 2005-ல். மகன் அப்பாவைக் கொன்றான். சொத்து கூட்டுக் குடும்பச் சொத்து, அதாவது அப்பா இறந்தால் மகனிடம் எஞ்சும் வகை. நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடையாது. சொத்து கேட்டு வந்தது அந்த மகனின் மனைவி. அவள் வாதம் கெட்டிக்காரத்தனமானது. 27-வது பிரிவின்படி என் கணவர் மாமனாருக்கு முன்பே இறந்ததாகக் கொள்ள வேண்டும். முன்பே இறந்த மகனின் விதவை முதல் வகுப்பு வாரிசு. ஆகவே சொத்து எனக்கு.

உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கொன்றவன் ‘இல்லாதவன்’ ஆகிறான், அவனிடமிருந்து புதிய கிளை எதுவும் முளைக்காது என்று 1924-ல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) சொன்னதையே எடுத்துக்கொண்டார்கள். மகனுக்கே இல்லை, அவன் வழியாக வரும் உனக்கும் இல்லை.

கணக்கன்:
சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ‘முன்பே இறந்ததாக’ என்று எழுதிவிட்டு, இறந்தவனின் விதவை வாரிசு இல்லை என்றால் எப்படி?

வில்லங்கம்:
அவளுக்குக் கொடுத்தால், நாளைக்குச் சிறையிலிருந்து வந்து அவன் அதே வீட்டில் சாய்வு நாற்காலி போட்டு உட்காருவான். நீதிமன்றத்துக்கு அந்தக் கவலை இருந்திருக்கும். ஆனால் பேரப்பிள்ளைகள் என்றால் என் மனமும் கேட்காது. இங்கிலாந்தில் 2011-ல் தனிச் சட்டமே போட்டு, கொன்றவனை முன்பே இறந்தவனாகக் கருதி அவன் பிள்ளைகள் தாத்தா சொத்தைப் பெற வழி செய்துவிட்டார்கள். இரண்டு நாடும் ஒரே கற்பனையை எடுத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன.

ஒரு குறிப்பு: 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் ‘எஞ்சியவருக்கே’ என்ற முறை எடுக்கப்பட்டுவிட்டது. இறந்த கணத்தில் பாகம் பிரிந்ததாகக் கருதி, அந்தப் பாகம் வாரிசுகளுக்கு இறங்கும். ஆகவே இனி அந்த வழக்கின் சூழல் அப்படியே திரும்பி வராது.

மழைத்தூறல்:
வங்கியில் கூட்டுக் கணக்கு இருந்தால்?

வில்லங்கம்:
‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்று இருந்தால் வங்கி எஞ்சியவரிடம் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். அந்தப் பணம் யாருடையது என்பது வேறு கேள்வி, அதை வாரிசுகள் வழக்குப் போட்டுக் கேட்கலாம். நாமினியும் அப்படித்தான், பெரும்பாலும் வாங்கி வைக்கிற கை மட்டுமே. கொலை என்று தெரிந்ததும் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, நீதிமன்றத்தில் தடையாணை வாங்குவதுதான் முதல் வேலை.

பாதிக்கதை:
நன்றி, தலை நிறைந்துவிட்டது. கதை இந்தியாவில்தான் நடக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் பழைய ஆசை போகவில்லை. அண்ணனின் பாதியும் தம்பி மனைவிக்கு வர ஒரு வழிகூடவா இல்லை? அண்ணன் சிறையிலிருந்தே அதை யாரோ ஒரு வெளியாளுக்கு விற்றுவிட்டால் அவள் கதி?

வில்லங்கம்:
விற்கலாம், அவன் பங்குதானே. ஆனால் குடும்ப வீடாக இருந்தால், வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்க உரிமை கோர முடியாது. பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். அவன் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று தம்பி மனைவி கேட்கலாம். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4-வது பிரிவு.

பணம் கொடுக்காமலேயே வர வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. வாரிசுச் சட்டத்தை விட்டுவிடுங்கள், கடன்காரராக வாருங்கள். 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் என்று ஒன்று உண்டு. பெயரில் விபத்து இருந்தாலும் குற்றச் செயலால் நேர்ந்த மரணத்துக்கும் பொருந்தும். சம்பாதித்துப் போட்ட கணவனை இழந்த மனைவிக்கும் குழந்தைக்கும் கொன்றவனே நஷ்டஈடு தர வேண்டும் என்று வழக்குப் போடலாம். வழக்கு நடக்கும்போதே, சொத்தை விற்றுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்று காட்டி அவனுடைய பாதியை ஜப்தி செய்யக் கேட்கலாம். தீர்ப்பாகி ஏலத்துக்கு வந்தால், நீதிமன்ற அனுமதியோடு அவளே ஏலம் கேட்கலாம். ஏலத் தொகையைத் தனக்கு வர வேண்டிய நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ளவும் முடியும். தாய் இல்லை என்றால் முழு வீடும் அவளிடமும் மகளிடமும்.

பாதிக்கதை:
இதுதான் சார் எனக்கு வேண்டிய முடிவு! கொலை வழக்கு நாலைந்து வருடம் நடந்து, தண்டனை உறுதியான பிறகு அவள் இந்த வழக்கைப் போடுகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

வில்லங்கம்:
அப்படி வைத்தால் முதல் நாளே தள்ளுபடி ஆகிவிடும். அந்த வழக்குக்குக் காலவரையறை இறந்த தேதியிலிருந்து இரண்டு வருடம். குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். கொலை விசாரணை ஒரு பக்கம் ஓடட்டும், இவளை முதல் வருடத்திலேயே வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள்.